சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடி: முதல்முறை போகிறவர்களுக்கு

ரொறன்ரோப் பக்கம் இருக்கிற நம்மவர்களில் பலர் ஒக்ரோபர் முடிவில் தூண்டிலைச் சுருட்டி பேஸ்மென்ட்டில் போட்டால், மே மாதம்தான் திரும்ப எடுப்பார்கள். இடையில், உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற ஒரு நல்ல காலம் வீணாகப் போகிறது. ஸ்காபரோவிலிருந்து 404 பெருந்தெருவில் வடக்கே ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிம்கோ ஏரி. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்புள்ள ஏரி அது. நல்ல குளிர் அடித்த வருடத்தில் ஜனவரி பாதிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஏரியின் தெற்கில் உள்ள கெஸ்விக் ஊர்க் கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் கிடந்த இடத்தில் கொட்டில்களும் கூடாரங்களும் ஸ்னோமொபைல் தடங்களுமாக ஒரு ஊரே குடியேறியிருக்கும்.

கோடையில் படகு வைத்திருப்பவர்கள் மட்டும் எட்டுகிற இடங்களுக்குக் குளிர்காலத்தில் நடந்தே போகலாம். கரையில் நின்று தூண்டில் வீசிச் சலித்தவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடையாது. வடக்கே வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் கேட்பதுண்டு. அதற்கு வேட்டைப் பயிற்சி, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, துப்பாக்கி உரிமம் என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. ஐஸ் மீன்பிடிக்கு அவ்வளவு முன்வேலை இல்லை. இந்த வாரம் நினைத்தால் அடுத்த வாரம் போகலாம்.

ஆனால் ஒன்றை முதலே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பது இதில் இரண்டாவது வேலை. ஐஸைப் படிப்பதுதான் முதல் வேலை. கீழே அதற்குக் கூடுதலாக இடம் ஒதுக்கியிருப்பதும் அதனால்தான்.

எந்த மீனுக்குப் போவது

பேர்ச். யோசிக்க எதுவும் இல்லை. பச்சையும் பொன்னும் கலந்த உடம்பில் கரும்பட்டைகள், கீழ்ச் செட்டைகள் செம்மஞ்சள் நிறம், கையளவு நீளம். சிம்கோவில் வைட்ஃபிஷும் லேக் ட்ரவுட்டும் இருக்கின்றன. பெரிய மீன்கள், படம் எடுத்து அனுப்ப நன்றாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு இருபது, முப்பது மீற்றர் ஆழத்துக்குப் போக வேண்டும், கருவி வேண்டும், பொறுமையும் நிறைய வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்றும் இல்லாமல் திரும்புவது அதில் சாதாரணம். பேர்ச் ஆழம் குறைந்த இடத்தில், கூட்டமாக, பகல் வெளிச்சத்தில் இரை எடுக்கிற மீன். கூட்டம் வந்துவிட்டால் பத்து வயதுப் பிள்ளையும் பிடிக்கும். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் இதுதான் சரி. எதுவும் கடிக்காத ஓட்டையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருக்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது.

பேர்ச்சுக்கு ஏரியின் தெற்கு முனையில் இருக்கிற குக்ஸ் பே என்ற குடா பெயர்போனது. ஆழம் குறைவு, அதனால் ஏரியின் மற்றப் பகுதிகளுக்கு முந்தியே உறையும். பாரி நகரத்துப் பக்கம் உள்ள கெம்பன்ஃபெல்ட் பே ஏரியிலேயே ஆழமான பகுதி, நாற்பது மீற்றருக்குக் கிட்டப் போகும். அது பிந்தி உறையும். முதல்முறைக்கு குக்ஸ் பே, அல்லது ஏரியின் தெற்கே ஜோர்ஜினாக் கரையின் மற்ற இடங்கள் போதும்.

அட்டையும் உரிமமும்

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு விடயம் தேவை. ஒன்று அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மீன்பிடி, வேட்டைக்கான அடையாள அட்டை, மூன்று வருடத்துக்குச் செல்லும், விலை ஒன்பது டொலருக்குக் கிட்ட. மற்றது மீன்பிடி உரிமம். அதில் இரண்டு வகை: ஸ்போர்ட் உரிமம் வருடத்துக்குச் சுமார் 27 டொலர், கொன்சர்வேஷன் உரிமம் சுமார் 15 டொலர், வரி தனி. இணையத்தில் பத்து நிமிட வேலை. இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதில். சிம்கோவில் பேர்ச் என்றால் ஸ்போர்ட்காரருக்கு 50, கொன்சர்வேஷன்காரருக்கு 25. உண்மையைச் சொன்னால் 25 பேர்ச்சைச் சுத்தம் செய்து முடிக்கும்போதே இடுப்பு முறிந்துவிடும். முதல் வருடத்துக்கு மலிவானது தாராளம்.

18 வயதுக்குக் கீழும், 65 வயதிலும் அதற்கு மேலும் உள்ள கனடாவாசிகளுக்கு உரிமம் தேவையில்லை. வயதைக் காட்டுகிற அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். நம் வீடுகளில் இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். ஊரிலிருந்து வந்து நிற்கிற அப்பாவுக்கு 70 வயது, அவருக்குச் சலுகை உண்டுதானே என்று நினைப்பார்கள். சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். பார்க்க வந்தவர் தூண்டிலைத் தொட வேண்டுமென்றால் வெளிநாட்டவருக்கான உரிமம் எடுக்க வேண்டும். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து புத்தி சொல்வதற்கு உரிமம் தேவையில்லை, அதை அவர்களும் விரும்பித்தான் செய்வார்கள்.

உரிமச் செலவே இல்லாமல் ஒருமுறை பார்க்க நினைத்தால் பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதி வரும். அந்த மூன்று நாளும் கனடாவாசிகள் உரிமம் இல்லாமல் பிடிக்கலாம், ஆனால் வைத்துக்கொள்ளும் கணக்கு கொன்சர்வேஷன் அளவுதான். மற்ற விதிகளும் அப்படியே பொருந்தும்.

ஒவ்வொரு வருடமும் மாகாண அரசு மீன்பிடி விதிகளின் சுருக்கத்தை வெளியிடும். சிம்கோ 16ஆம் மீன்பிடி வலயத்தில் வருகிறது. ஆனால் அந்த ஏரிக்கு என்று தனி விதிவிலக்குகளும் உண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். பேர்ச்சை வருடம் முழுக்கப் பிடிக்கலாம். லேக் ட்ரவுட், வைட்ஃபிஷுக்குக் காலக்கெடு உண்டு. பேர்ச்சுக்குப் போட்ட தூண்டிலில் வேறு மீன் மாட்டுவதும் நடக்கும். அது என்ன மீன், அதற்கு இப்போது காலமா என்று தெரியாவிட்டால் உடனே ஓட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு எதையும் வாங்காதீர்கள்

கடைக்குப் போனால் கூடாரம், ஹீட்டர், மீனைக் காட்டுகிற சோனார், ஐஸைத் துளைக்க மோட்டார் வைத்த ஓகர் என்று ஆயிரம் டொலரை ஒரே மூச்சில் விடலாம். அப்படி வாங்கி, ஒருமுறை போய், குளிர் பிடிக்காமல் கிஜிஜியில் விற்கிறவர்களால்தான் மார்ச் மாதத்தில் நல்ல சாமான் மலிவாகக் கிடைக்கிறது. நீங்கள் அந்த மார்ச் மாதத்தில் வாங்குகிற ஆளாக இருங்கள்.

முதல்முறை கொட்டில் வாடகைக்கு எடுத்துப் போங்கள். கெஸ்விக், ஜக்சன்ஸ் பொயின்ட், கில்ஃபோர்ட், பீவர்ட்டன் என்று ஏரியைச் சுற்றி இந்தத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கரையிலிருந்து கொட்டில் வரை கொண்டுபோய் விடுவார்கள். ஓட்டை துளைத்திருக்கும், ஹீட்டர் ஓடும், இரை மீனும் பெரும்பாலும் அந்தக் காசுக்குள் அடங்கும். சில இடங்களில் உங்களை ஏற்றிப் போக வருகிற வண்டியைப் பார்க்கவே போகலாம். முன்னால் ஸ்கீ, பின்னால் சங்கிலிச் சக்கரம், பக்கத்தில் வட்டச் சன்னல்கள் வைத்த பழைய பொம்பார்டியே பனிவண்டி. 1940களில் கியூபெக்கில் செய்யத் தொடங்கிய வடிவம் அது, பாடசாலைப் பிள்ளைகளையும் தபாலையும் ஏற்றியது. இன்றும் ஐஸில் ஓடுகிறது.

பணத்தைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று இதில் இருக்கிறது. அவர்கள் தினமும் அந்த ஐஸை அளக்கிறார்கள். எங்கே வெடித்திருக்கிறது, எங்கே நேற்றுக் காற்றில் திறந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். தொலைபேசியில் பதிவு செய்யும்போது இதையெல்லாம் கேளுங்கள்: இன்றைக்கு ஐஸ் எவ்வளவு, எந்த மீனுக்கான கொட்டில், தூண்டில் தருவீர்களா, கழிவறை எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது, ஐஸ் சரியில்லை என்றால் காசு திரும்புமா. கழிவறைக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டுக் கொட்டிலுக்குப் போனவர்கள் பாடு சொல்லி மாளாது. வண்டி நிறுத்துவதும் அப்படித்தான். ஏரிக்கரைத் தெருக்கள் பலவற்றில் குளிர்காலத்தில் வெளியாட்கள் நிறுத்த முடியாது, திரும்பி வரும்போது கார் இருக்காது. காசு கொடுத்து அவர்களுடைய இடத்திலேயே விடுங்கள். காரை ஐஸ் மேல் ஏற்றுகிற எண்ணமே வேண்டாம், மற்றவர்கள் ஏற்றினாலும் சரி.

குளிர்காலம் இப்போதெல்லாம் சொன்ன சொல் கேட்பதில்லை. 2023-24 குளிர்காலம் வழமைக்கு மாறாக வெப்பமாகப் போனது, ஐஸை நம்பித் தொழில் செய்கிறவர்கள் பெரிய அடி வாங்கினார்கள். ஆகவே போன வருடம் இந்தத் தேதியில் போனோம் என்பது ஒரு கணக்கே இல்லை.

ஐஸைப் படிப்பது

இரண்டாம், மூன்றாம் முறை நீங்களாகவே நடந்து போக ஆசை வரும். அப்போது இந்தப் பகுதி தேவைப்படும்.

கறுப்பாகவோ நீலமாகவோ ஊடு தெரிகிற தெளிந்த ஐஸ்தான் பலமானது. அது 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது பழைய மீன்பிடிக்காரர்களின் கணக்கு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்ரிமீற்றர் என்கிறது. புதியவர்கள் 15ஐப் பிடித்துக்கொள்வதுதான் புத்தி. வெள்ளை ஐஸ் என்பது பனி ஈரமாகி உறைந்தது, உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கும். தெளிந்த ஐஸின் பாதிப் பலம்தான் அதற்கு உண்டு, அதனால் தடிப்பு இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கால் வைக்காதீர்கள்.

தடிப்பு ஏரி முழுக்க ஒரே அளவாக இருக்காது. இங்கே 25 சென்ரிமீற்றர் இருக்கும், நூறு அடி தள்ளி 8 இருக்கும். ஆறு வந்து விழுகிற இடத்தில் ஓடுகிற தண்ணீர் ஐஸை அடியிலிருந்து அரிக்கும். குக்ஸ் பேயின் தெற்கில் ஹொலண்ட் ஆறும், கெஸ்விக் பக்கம் மஸ்கினோஞ்ச் ஆறும் ஏரியில் கலக்கின்றன. அந்த முகத்துவாரங்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. சில வீட்டுத் துறைகளைச் சுற்றி ஐஸ் பிடிக்காமல் இருக்க அடியில் காற்றுக் குமிழி விடுகிற இயந்திரம் ஓடும், அதைச் சுற்றியும் மெல்லிய ஐஸ்தான். மேலே ஆழமாகப் பனி மூடியிருந்தால் இன்னொரு வில்லங்கம். பனி ஒரு போர்வை, அதற்குக் கீழே ஐஸ் தடிப்பது மெதுவாகும், கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

சிம்கோ பெரிய ஏரி என்பதால் அழுத்த வெடிப்புகள் வரும். வெப்பநிலை ஏறி இறங்கும்போது ஐஸ் விரிந்து சுருங்கி, ஒன்றோடு ஒன்று முட்டி மேடாக எழும். காற்று மாறினால் அதே வெடிப்பு வாய் திறந்து தண்ணீர் தெரியும். காலையில் தாண்டிப் போன வெடிப்பு மாலையில் தாண்ட முடியாத கால்வாயாக நிற்கலாம். அப்படி மறுபக்கத்தில் அகப்பட்டு மீட்கப்பட்டவர்கள் உண்டு. புதியவருக்கு ஒரு எளிய விதி: வெடிப்பைத் தாண்டாதீர்கள். இந்தப் பக்கத்திலும் மீன் இருக்கிறது.

கையில் ஐஸ் அலவாங்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான இரும்புத் தடி, முனை உளிபோலத் தட்டை. ஒவ்வொரு சில அடிக்கும் முன்னால் ஓங்கிக் குத்துங்கள். நல்ல ஐஸ் 'டங்' என்று கெட்டியாக ஒலிக்கும். மெல்லியது மந்தமாக, உள்ளிருந்து வருகிற மாதிரி ஒலிக்கும். ஒன்றிரண்டு குத்தில் தண்ணீர் வந்தால் நின்று, வந்த காலடியிலேயே திரும்புங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு நடக்க வேண்டும். கூட்டமாகப் பேசிக்கொண்டு நடப்பது கரைக்கு வந்த பிறகு.

ஏரி சத்தம் போடும். அடியிலிருந்து உறுமுவது, தூரத்தில் வெடி வெடித்து உங்கள் காலுக்கடியால் ஓடுவது எல்லாம் முதல்முறை கேட்கிறவரை ஓட வைக்கும். கடும் குளிரில் ஐஸ் தடிக்கும்போதும் அந்தச் சத்தம் வரும், அதனால் சத்தத்தை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். கண்ணும் அலவாங்கும் சொல்வதை நம்புங்கள்.

விழுந்துவிட்டால்? மிதப்பு உடுப்பு அணிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மிதக்கக்கூடிய ஐஸ் சூட் விலை கூட, ஆனால் ஒரு சாதாரண லைஃப் ஜக்கெட்டைக் குளிர் ஜக்கெட்டுக்கு மேல் போட்டாலும் வேலை செய்யும். கழுத்தில் ஐஸ் பிக் என்ற ஒரு சோடி கூர்முனைக் கைபிடிகள் தொங்க வேண்டும். இருபது டொலர்கூட வராது. அது பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம், கழுத்தில்தான் இருக்க வேண்டும்.

குளிர் தண்ணீர் பற்றி ஒன்று-பத்து-ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, ஆகவே வேறெதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் அடக்குங்கள். அடுத்த பத்து நிமிடம் கைகால் உங்கள் சொல் கேட்கும், வெளியேறும் வேலை அதற்குள். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதாவது பலர் நினைப்பதைவிட நேரம் இருக்கிறது, பதறினால்தான் அது போகும். நீங்கள் நடந்து வந்த திசைக்குத் திரும்புங்கள், அந்தப் பக்கத்து ஐஸ் உங்களைத் தாங்கியது. கைகளை ஐஸ் மேல் போட்டு, பிக்கைக் குத்தி, காலை நீச்சலடிப்பதுபோல உதைத்து உடம்பைக் கிடையாக்கி மேலே இழுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள். உருண்டே நகர்ந்து, நல்ல ஐஸுக்கு வந்த பிறகு எழும்புங்கள். வேறொருவர் விழுந்தால் கிட்டப் போகாதீர்கள். 911ஐ அழைத்துவிட்டு, படுத்தபடி கயிறோ தடியோ நீட்டுங்கள்.

உடுப்பும் சாமானும்

பருத்தி வேண்டாம். வியர்த்தால் ஈரம் உடம்போடு ஒட்டிக் குளிரும். உள்ளே செயற்கை இழையோ கம்பளியோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத உடுப்பு. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இரண்டு காலுறையைத் திணித்து இறுக்கினால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். காற்றோடு சேர்த்துக் குளிர் மறை 28க்குக் கீழே போனால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கும். அப்படிப்பட்ட நாளில் வீட்டிலேயே இருங்கள், ஏரி எங்கும் போகாது.

காலுக்கு முள் வைத்த பட்டி அவசியம். பனி வழித்த ஐஸில் விழுந்து கை முறிவது ஐஸ் உடைந்து விழுவதைவிட அதிகம் நடக்கும். தொலைபேசி உள்ளங்கிப் பையில், உடம்புச் சூட்டில். வெளியே வைத்தால் பற்றரி செத்துவிடும். மட்டன் ரோல்ஸ் கொண்டுபோகிறவர்கள் அதையும் உள்ளே வைப்பது நல்லது.

கூடாரத்துக்குள் புரோபேன் ஹீட்டர் போட்டால் காற்றோட்டத் துவாரங்களைத் திறந்தே வையுங்கள். கார்பன் மொனொக்சைட் மணமில்லாதது. பற்றரியில் ஓடுகிற சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். தலையிடி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

ஓட்டையிலிருந்து மீன் வரை

கை ஓகர் 15 சென்ரிமீற்றர் அகலம் போதும். பேர்ச்சுக்கு அதைவிடப் பெரிய ஓட்டை தேவையில்லை, துளைப்பதும் பாதி வேலை. பனியை வழித்துவிட்டு நேராகப் பிடித்துச் சுற்றுங்கள். அமுக்க வேண்டாம், அலகு கூராக இருந்தால் தானே இறங்கும். கடைசிச் சுற்றில் தண்ணீர் பொங்கி வரும்போது ஓகரை ஒரே இழுப்பாக மேலே எடுத்தால் ஐஸ் கூழ் முழுக்க வெளியே வந்துவிடும். மிச்சத்தைக் கண்ணகப்பையால் அள்ளுங்கள். ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஐந்தாறு ஓட்டைகளைத் தள்ளித் தள்ளி முதலிலேயே போட்டுவிடுங்கள். மீன் வந்த பிறகு துளைத்தால் சத்தத்துக்கு அது போய்விடும், ஆழம் குறைந்த இடத்தில் குறிப்பாக.

ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் வரை போடலாம். ஆனால் தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்க வேண்டும், அது கண்ணுக்கு நேரே தெரியவும் வேண்டும். தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் தேநீர் குடிக்கப் போனால் அபராதம் வரலாம். பரிசோதிக்கிற அதிகாரிகள் ஸ்னோமொபைலில் வருவார்கள்.

தடி ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம், நுனி மெல்லியதாக. தங்கூசி நாலு இறாத்தல் பலத்துக்கு மேல் வேண்டாம். சிறிய ஜிக் (பாரம் வைத்த தூண்டில் முள்) ஒன்று, அதில் சின்ன எமரால்ட் ஷைனர் மீன். உயிர் இரையை ஏரிக்கரைக் கடையில் வாங்குங்கள். 2022 முதல் ஒன்ராறியோவை நாலு இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு வலயத்து இரை மீனை மற்றதற்குக் கொண்டுபோக முடியாது. வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு வாரத்துக்கு அதுதான் சாட்சி. மிஞ்சின இரையை ஓட்டைக்குள் கொட்டக்கூடாது, வாளித் தண்ணீரையும்தான். ஏரியிலிருந்து 30 மீற்றராவது தள்ளித் தரையில் கொட்ட வேண்டும். வேற்று உயிரினங்கள் ஏரிக்குள் புகுவது இப்படித்தான்.

ஜிக்கை அடி தட்டும் வரை இறக்குங்கள். நூல் தளர்ந்ததும் ஒரு அடி மேலே எடுத்து நிறுத்துங்கள். பேர்ச் பெரும்பாலும் அடியோடுதான் திரியும். மெதுவாக ஒரு சாண் உயர்த்தி, விட்டு, அசையாமல் பிடியுங்கள். ஐந்தாறு விநாடி. சில நேரம் ஜிக்கை அடிச்சேற்றில் தொட்டு எடுத்தால் கலங்கல் எழும், அதைப் பார்த்து வரும். கடி விழுவது உயர்த்தும்போது அல்ல, நிறுத்தி வைத்திருக்கும்போது.

அந்தக் கடியை அறிவதுதான் முழு வித்தை. குளிர்காலத்துப் பேர்ச் இழுக்காது. முருங்கைக் கொப்பில் குருவி வந்து குந்திவிட்டுப் பறந்ததுபோல நுனி ஒரு துளி தாழ்ந்து நிமிரும். அவ்வளவுதான். சில நேரம் அதற்கும் மாறாக, நூல் திடீரென்று பாரம் குறைந்து தளரும். மீன் இரையை வாயில் வைத்தபடி மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். கை முழுக்க ஓங்கினால் அந்த மெல்லிய வாய் கிழிந்துவிடும். தடிமனான கையுறைக்குள் இதெல்லாம் தெரியாது. ஒரு கையை வெறுங்கையாக வைத்து, நுனியைப் பார்த்தபடி இருங்கள். நுனி வளையத்தில் ஐஸ் கட்டினாலும் கடி தெரியாது. அடிக்கடி விரலால் நசுக்கித் தட்டிவிடுங்கள், பல்லால் கடிக்காதீர்கள்.

பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லையா? அடுத்த ஓட்டைக்குப் போங்கள். பேர்ச் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், உங்களைத் தேடி வராது. ஒன்று மாட்டியதும் கொழுவியைக் கழற்றி, அடுத்த விநாடி திரும்ப இறக்குங்கள். கூட்டம் கீழே நிற்கிறபோது படம் எடுத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் ஒரு மீனோடு நாள் முடிகிறது. பிடிக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து கையை வழித்து முதுகு முள்ளை மடக்குங்கள். செவுள் மூடியின் ஓரமும் வெட்டும்.

விடப்போகிற மீனை ஐஸில் போடாதீர்கள். கடும் குளிரில் கண்ணும் செவுளும் சட்டென்று உறையும், திரும்ப விட்டாலும் பிழைக்காது. பத்து மீற்றருக்கு மேல் ஆழத்திலிருந்து எடுத்த பேர்ச்சின் காற்றுப்பை ஊதியிருக்கும், அதுவும் பிழைப்பது கடினம். ஆழத்தில் பிடித்தால் பெரிதைப் பொறுக்கிச் சிறிதை விடுகிற வேலை வேண்டாம். தேவையான அளவு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

மீனை முழுசாகக் கொண்டுபோவதுதான் சுலபம். அங்கேயே சதை எடுத்தால் ஒவ்வொரு துண்டிலும் தோல் ஒரு நல்ல துண்டாவது இருக்க வேண்டும். வழியில் மறித்தால் என்ன மீன், எத்தனை என்று அதிகாரி எண்ணக்கூடிய மாதிரிப் பொதி செய்ய வேண்டும். எல்லாரும் பிடித்ததை ஒரே வாளியில் கலந்துவிட்டு இது யாருடையது என்று பிறகு முழிக்காமல், ஆளுக்கு ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனை விற்க முடியாது, தெரிந்தவர் கடைக்கு என்றாலும்.

பேர்ச் செதில் அரமாக இருக்கும். செதில் சுரண்டுவதைவிடத் தோலோடு உரித்துச் சதையை எடுப்பது சுலபம். கூரான மெல்லிய கத்தியைச் செவுளுக்குப் பின்னால் இறக்கி, முள்ளோடு ஒட்டி வாலுக்குப் போய், பிறகு தோலைக் கழற்றுங்கள். சதையில் சிறு மஞ்சள் புழுவோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஏரி மீனில் வருகிற ஒட்டுண்ணி அது, சமைத்தால் ஒன்றும் செய்யாது. கத்தி நுனியால் எடுத்துவிடலாம். பச்சையாக மட்டும் தின்ன வேண்டாம்.

பாதரசம் போன்றவை பெரிய வேட்டை மீன்களில்தான் கூடச் சேரும், பேர்ச் சிறிய மீன் என்பதால் நல்ல தெரிவு. ஆனாலும் ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீனின் நீளவாரியாக மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று அட்டவணை வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் லேக் ட்ரவுட் சமைக்குமுன் அதைப் பாருங்கள், அவர்களுக்கான அளவு வேறு.

சமையல் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இந்தச் சதை மெல்லியது, இனிப்பானது, கெதியில் குழைந்துவிடும். யாழ்ப்பாணத்துக் குழம்பில் போட்டால் கரைந்து போகும், தூளின் ருசிதான் மிஞ்சும். உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், தேசிக்காய்ப் புளி தடவிப் பத்து நிமிடம் வைத்து, நல்ல சூடான எண்ணெயில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பொரித்தால் போதும். குழம்புதான் வேண்டுமென்றால் செதில் சுரண்டி, குடல் எடுத்து, முள்ளோடு முழுசாகப் போடுங்கள்.

மிஞ்சினதை ஃப்ரீசரில் போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மேலே சொன்ன 25, 50 என்பது ஒரு நாளில் பிடிப்பதற்கு மட்டுமான கணக்கு இல்லை. கையில், காரில், வீட்டு ஃப்ரீசரில் எல்லாம் சேர்த்து உங்களிடம் இருக்கக்கூடிய அளவும் அதேதான். ஃப்ரீசரில் 20 பேர்ச் கிடக்கும்போது கொன்சர்வேஷன் உரிமக்காரர் ஏரிக்குப் போனால் ஐந்துதான் கொண்டுவரலாம். அடுத்த சனிக்கிழமைக்கு முன் பொரித்து முடியுங்கள்.